செம்மை குறைவு

துர்க்குவில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே இருட்டு.
ஆற்றங்கரையில் மூடிய கயிற்று ஆலை,
இரண்டாம் மாடி, சன்னலுக்குக் கறுப்புத் துணி.
வெளியே பனியா வெயிலா என்று
இந்த மேசைக்குத் தெரியவே கூடாது.

பன்னிரண்டு வருடமாக அதே பொருள்கள்:
பாதி குடித்த பெர்ரி மது பாட்டில்,
கழுகின் இறகு,
செல்லாமல் போன பத்து மார்க் நோட்டு,
ஆறு நூல்கண்டுகள்.
எதையும் அசைக்கக் கூடாது.
தூசியை ஊதித்தான் எடுக்க வேண்டும்,
அதுவும் ஹில்லெவி மட்டும்.
வரும் கேமராக்களைப் பிரிப்பதும்
மறுபடி கட்டி அனுப்புவதும் என் வேலை.

கேமரா தருவது படமே இல்லை,
எண்கள்.
எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்ற கணக்கு.
சமைக்காமல் திறந்தால் பச்சையாகத்தான் இருக்கும்,
நிஜமாகவே பச்சை,
பாசி பிடித்த மீன்தொட்டிக்குள்
யாரோ மேசையைப் போட்டதுபோல.
சென்சாரில் நாலு கண்ணுக்கு இரண்டு
பச்சைக்கே வாக்கப்பட்டவை.

வெய்க்கோ மூன்று மென்பொருளிலும் போட்டுப் பார்ப்பார்.
ஒன்று இறகை நுனிவரை பிரித்துக் காட்டும்;
காட்டிய சூட்டோடு
இல்லாத இழைகளையும் பின்னிவிடும்.
இன்னொன்று இரைச்சலை அடக்கும்;
அடக்கிய இடத்தில்
நோட்டிலிருக்கும் முகம் மெழுகாகும்.
மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்.
வீட்டில் அதைத்தான் வைத்திருக்கிறார்.

பிறகு அரைப் பக்கம் எழுதுவார்.
கூர்மை, நிழல், இரைச்சல்,
கடைசி வரி எப்போதும்: செம்மை குறைவு.
ஒவ்வொரு வருடமும்
போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு.
பழைய மாடலே தேவலையா என்று கேட்பவர்களுக்கு
ஆமாம் என்று ஒரு சொல்.

யோகோஹாமாவிலிருந்து ஒரு பொறியாளர்,
திருமதி ஹிராயமா,
மூன்று பக்கம், நான்கு வரைபடம்,
மிகுந்த மரியாதை:
எங்கள் சிவப்பு அளந்து பார்த்தவரை மாறவில்லை,
தயவுசெய்து இன்னொரு முறை பார்க்கவும்.
வெய்க்கோ சிரித்தார்.
ஆடத் தெரியாதவள்
கூடம் கோணல் என்றாளாம்.

செவ்வாய்க்கிழமை ஹில்லெவிக்குத் தும்மல் வந்தது.

சிவப்பு நூல்கண்டு உருண்டது,
மேசை விளிம்பில் தயங்கி,
விழுந்து,
நூலை விட்டுக்கொண்டே என் காலடிவரை வந்தது.
எடுத்தேன்.
விளக்கைப் பார்த்திருந்த பக்கம்
செங்கல் கழுவிய தண்ணீர்.
பின்பக்கம்
இப்போதுதான் வெட்டிய பீட்ரூட்.

கூடம் கோணல்தான்.

யாரும் பேசவில்லை. விளக்கின் விசிறி பேசியது.
அளவு மாறாத வெளிச்சம் என்று
நாங்கள் பெருமையடித்த அதே விளக்கு.
நூற்று நாற்பத்தியொரு கேமராக்கள்.
எல்லாம் நான் கட்டி அனுப்பியவை.

இரவு அவர் முதல் வருடத்துக் கோப்பைத் தேடி
இந்த மாத மென்பொருளில் திறந்தார்.
சிவப்பு குபீரென்று வந்தது,
கண்டின் பின்பக்கத்தையும் தாண்டிய சிவப்பு,
அந்தக் காலத்தில் நாங்கள் பார்த்திராதது.
அப்படியானால் வெளுத்தது நூலா,
அன்றைய மென்பொருள் முழுங்கியதா,
இன்றையது கூட்டிச் சொல்கிறதா?
வெய்க்கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கண்ணும் அதே விளக்கடியில்தானே இருந்தது,
என்றாள் ஹில்லெவி,
குற்றமாகச் சொல்லவில்லை,
கோட்டைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் அவர்
முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் நூல்,
பின்பக்கத்திலிருந்து ஒரு சாண்
வெட்டி அட்டையில் ஒட்டினார்.
கீழே எழுதினார்:
செம்மை குறைவு. எங்கள் பக்கம்.
கையெழுத்துப் போட்டு,
திரும்பிப் போகும் கேமராவோடு வைக்கச் சொன்னார்.

சுங்கப் படிவம் என் தலையில்.
பொருள்: நூல், இரண்டு துண்டு.
எடை: தராசில் ஏறவில்லை.
மதிப்பு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
நிறம் என்று ஒரு கட்டம் இல்லை,
அந்த மட்டும் பிழைத்தேன்.